கடைசிக் கொக்கியின் மணி

இது நடந்த வரிசையில்தான் என் நினைவில் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெண்கலம் ஊற்றிய அன்று மழை பெய்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கூட இருந்தவர்கள், சுள்ளென்று வெயில் அடித்தது என்கிறார்கள். நான் மழை என்று நினைப்பது உலையின் இரைச்சலாகவும் இருக்கலாம். சில பேச்சுகளைப் பின்னால் கேட்டுச் சேர்த்திருக்கிறேன். சாரதாமணியின் மனதுக்குள் ஓடியதெல்லாம் அவளே பிறகொரு நாள், நீண்ட இடைவெளிகள் விட்டுவிட்டுச் சொன்னது. அந்த இடைவெளிகளை எழுத எனக்குத் தெரியவில்லை. மற்றதை எழுதுகிறேன்.

வெள்ளியங்கிரியின் பவுண்டரி கோயம்புத்தூர் கணபதியில் இருந்தது. மோட்டார் பம்புகளுக்கு உறை வார்ப்பது தொழில். அவருடைய தங்கை சாரதாமணி அங்கே ஒலிப் பொறியாளர். வார்ப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தட்டும்போது சத்தம் செத்துக் கேட்கும். அதைக் கண்டுபிடிக்கும் கருவியை அவள்தான் செய்திருந்தாள். கருவி தடுமாறுகிற இடத்தில் அவளே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, “தேறும்” என்றோ “தேறாது” என்றோ சொல்லிவிட்டுப் போவாள். பிறகு ஒரு கடுமையான தொற்று வந்தது. அதற்குக் கொடுத்த மருந்து அவள் உயிரைக் காப்பாற்றிவிட்டு இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டது.

இடது காதின் உட்புறத்தில், மின்முனைகள் கோத்த மெல்லிய இழை ஒன்றை அறுவை செய்து வைத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய கருவி, வருகிற சத்தத்தைப் பிரித்து, எந்த முனைக்கு எவ்வளவு மின்சாரம் என்று அனுப்பும். சில மாதங்களில் பேச்சு புரிந்தது. சுருதி மட்டும் திரும்பவில்லை. எந்தப் பாட்டும் தகர டப்பாவில் சரளைக்கல்லை உருட்டுவதுபோல இருந்தது. சென்னையிலிருந்து மகள் சம்யுக்தா போன் செய்தால் சொற்கள் வரும். அவற்றைச் சொல்வது மகளா, கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிற யாரோவா என்பதைத் திரையில் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சீனத்து மணிகள் வந்தன. ஹூபே மாகாணத்தில் ஒரு சிற்றரசரின் கல்லறையிலிருந்து எடுத்த மணி வரிசை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. அசல் மணிகள் அங்கிருந்த சிறிய அருங்காட்சியகத்தை விட்டு நகரவில்லை. ஸ்கேன்களும் பிளாஸ்டிக் நகல்களும்தான் பெட்டிகளில் வந்து இறங்கின. கூடவே ஷூ மெய்லான் வந்தாள். அந்த அருங்காட்சியகத்தின் உலோக ஆய்வாளர். கல்லூரியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தவள்.

“வணக்கம். தங்கள் தொழிற்கூடத்தைக் காண்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்” என்றாள்.

கைகூப்பியபடியே வெள்ளியங்கிரி தங்கை பக்கம் திரும்பினார். “அம்மிணி, இவங்க பேசறதக் கேட்டா பரீட்சை ஹாலுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்குது.”

“எனக்கு இவங்க பேசறதுதானுங்ணா நல்லாப் புரியுது. ஒரு எழுத்தையும் முழுங்கறதில்ல. நீங்க பாதிய முழுங்கிட்டு மீதியத்தான் எங்களுக்குத் தர்றீங்க.”

மெய்லான் ஒரு நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது வட்டமாக இல்லை. வாய்ப்பக்கம் பாதாம் பருப்பைப்போல இரு முனையும் கூர்ந்திருந்தது. உள்ளே நாக்கு கிடையாது. உச்சியில் தொங்கவிடத் தடித்த தண்டு ஒன்று, உடம்பில் வரிசையாகக் குமிழ்கள்.

“யாராச்சும் மிதிச்சுட்டாங்களா?” என்றார் வெள்ளியங்கிரி.

“இல்லை ஐயா. வேண்டுமென்றே இவ்வாறு வார்த்தனர். உங்கள் கோயில் மணி வட்டமானது. ஒருமுறை அடித்தால் நெடுநேரம் ரீங்கரிக்கும். அது அடங்குவதற்குள் அடுத்த சுரத்தை வாசித்தால் இரண்டும் குழம்பிவிடும். இந்த வடிவத்தில் ஒலி விரைவாக அடங்கும். ஆகவே இவற்றில் பாட்டே வாசிக்கலாம்.” மணியின் நடுவில் விரலை வைத்தாள். “வெளியிலிருந்து மரச்சுத்தியலால் இங்கே தட்டினால் ஒரு சுரம்.” விரலை ஓரத்துக்கு நகர்த்தினாள். “இங்கே தட்டினால் வேறொரு சுரம். மணி ஒன்றுதான்.”

வெள்ளியங்கிரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “ஒரே வார்ப்புல ரண்டு சத்தமா? ஒண்ணோட ஒண்ணு கலக்காதுங்களா?”

“கலக்காது. நடுவில் தட்டும்போது எந்த இடங்கள் அசைகின்றனவோ, அவை ஓரத்தில் தட்டும்போது அசையாமல் நிற்கும்.”

அதற்குப் பிறகு அவர் டீயைத் தொடவே இல்லை. மணியைத் தலைகீழாகத் திருப்பினார், உள்ளே கைவிட்டுத் தடிமனை அளந்தார், சீட்டியடித்தார். தண்டு தொடங்கும் தோள்பட்டையில் அரிசி அளவுக்குச் சில குழிகள் இருந்தன. அவற்றைக் கட்டைவிரலால் தடவி, “இது நமக்குத் தெரிஞ்சதுதான்” என்றார். “உள் அச்சு நகராம இருக்க முட்டுக் கொடுப்பமில்ல, சேப்லெட். அதோட தடம்.” சுற்றி நின்ற வார்ப்புக்காரர்கள் நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். தினமும் பார்க்கிற தடம்தானே. சாரதாமணியும் ஆட்டினாள்.

“வரிசையில் கடைசிக் கொக்கி காலியாக இருக்கிறது” என்றாள் மெய்லான். “முற்காலத்தில் கல்லறைக்குள் புகுந்த திருடர்கள் அந்த மணியைக் கொண்டுசென்றிருப்பர் என்பது எங்கள் கருத்து. அதை நீங்கள் வார்த்துத் தர வேண்டும். அவர்கள் செய்தவாறே, களிமண் அச்சைத் துண்டு துண்டாகச் சுட்டு, சேர்த்துக் கட்டி.”

“இல்லாத மணிக்குச் சுருதி எப்படிங்க சேக்கறது?” என்று கேட்டாள் சாரதாமணி.

“அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்” என்றான் மெய்லானோடு வந்திருந்த நசீர்.

நசீர் காயல்பட்டினத்துக்காரன். காதுக்குள் வைக்கும் கருவிகளுக்கு நிரல் எழுதும் ஒரு நிறுவனத்தில் வேலை; மணிகளை இந்தப் பவுண்டரிக்குக் கொண்டுவந்ததும் அந்த நிறுவனம்தான். பேசும்போது கை ஓரிடத்தில் நிற்காது.

“அக்கா, வார்த்து எடுத்ததும் மணி சுருதியில இருக்காது. உள்பக்கம் ஓரத்தைத் தேச்சுத் தேச்சுத்தான் கொண்டு வரணும். ஒவ்வொரு தேய்ப்பும் வெண்கலத்துக்குள்ள ஒரு அழுத்தத்தை விட்டுட்டுப் போவும். சுவத்துக்கு வெள்ளையடிச்சா எந்தப் பட்டை எதுக்கு மேலன்னு தெரியும்லா? அது மாதிரி, எந்தத் தேய்ப்பு முதல்ல, எது அடுத்தாப்புலன்னு ஸ்கேன்ல படிச்சிரலாம். அப்ப, ஒவ்வொரு தேய்ப்புக்கும் முந்தி அந்த மணி எப்படிச் சத்தம் போட்டிருக்கும்னு கணக்குப் போட்டுரலாம். அந்த மனுசன் அதைக் கேட்டாரு, இங்க தேச்சாரு. மறுபடி கேட்டாரு, அங்க தேச்சாரு. எங்க தயங்குனாரு, எங்க போதும்னு கையை எடுத்தாருன்னு எல்லாமே இருக்கு. மொத்த வரிசையும் ஒரே ஆளு கை. இத்தனையும் சேத்தா என்ன வருது சொல்லுங்க?”

சாரதாமணி பிளாஸ்டிக் மணியைத் தன் பக்கம் இழுத்தாள். “காது” என்றாள்.

“அதேதான். செத்து மண்ணாப் போன ஆளோட காது. அதுகிட்ட கேட்டா கடைசி மணிக்கும் சுருதி சொல்லிரும்.”

“அவரிடம் அனுமதி பெற்றீர்களா?” என்றாள் மெய்லான்.

“கேட்டா காதுலயா விழப்போவுது?” என்று நசீர் சிரித்தான். மெய்லான் சிரிக்கவில்லை.

அன்று மாலையே அவன் சாரதாமணியின் மேசைக்கு வந்தான். காதை உண்டாக்கும் வேலை முடிந்துவிட்டது, அதை அவள் காதுக் கருவியிலும் ஏற்றலாம் என்றான். அவள் மின்முனைகளுக்கு இப்போது போகிற கணக்கு பேச்சுக்காகச் செய்தது. சுருதியை அது தூக்கி எறிந்துவிடுகிறது. மணிக்காரரின் காது சுருதியைத் தவிர வேறெதையும் பிடித்துக்கொள்ளாது.

“அதுலதான் சிக்கலும் இருக்குக்கா. ரெண்டுக்கும் சேத்து உங்க மூளைக்குள்ள இடம் கிடையாது. இது பழகப் பழக அது போயிரும். ரொம்ப நாள் ஓடிட்டுன்னா திரும்பி வராது. பாட்டு கேக்கும். பேச்சு...” கையை விரித்தான். “உங்ககிட்ட மறைக்க மாட்டேன். என் கம்பெனிக்கு இது வேணும். அவுங்க பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீங்க.”

வெள்ளியங்கிரி காதில் இது விழுந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“அம்மிணி, இப்பத்தான் நாலு வார்த்தை பேசிக்கிட்டிருக்கறோம். அதையும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றேங்கற. எதுக்கு? பாட்டுக் கேக்கறதுக்கா?”

“பாட்டு இல்லீங்ணா.”

“பின்ன?”

“சம்யுக்தா குரலு.”

“அவ தினமும்தான பேசறா?”

“வார்த்தை வருதுங்ணா. அவ வரமாட்டேங்கறா.”

வெள்ளியங்கிரி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “என்னமோ பண்ணு கண்ணு” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நசீர் அந்தக் காதைக் கருவியில் ஏற்றிய முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் ஒரே முனகலாக இருந்தது. சில நாட்கள் கழித்துக் குளியலறையில் பக்கெட்டைக் குழாயின் கீழ் வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் ஏற ஏறச் சத்தமும் ஏறிக்கொண்டே போனது. கீழிருந்து மேலே. கவிழ்த்துவிட்டு மறுபடி நிரப்பினாள். மறுபடியும் ஏறியது. அன்று தொட்டியே காலியாகும் வரை நிரப்பிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்கலம் ஊற்றும் நாள் வந்தது. சுட்ட களிமண் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, குழிக்குள் இறக்கி, சுற்றிலும் மணலைக் கெட்டித்திருந்தார்கள். செம்பு உருகிப் பச்சை நாக்குகள் நீட்டியது. வெள்ளீயம் போட்டதும் அதன் நிறம் மாறியது. அதில் துளி ஈயம். அதிகமானால் மணி ஊமை, குறைந்தால் கத்தும் என்று மெய்லான் சொல்லியிருந்தாள். உருக்குக் கலத்தைச் சாய்க்கும் சக்கரத்தைச் சாரதாமணி பிடித்திருந்தாள். அது எப்போதுமே அவள் இடம்தான்.

அண்ணன் கையசைத்தார். அவள் சாய்த்தாள். வெண்கலம் ஒரே கயிறாக இறங்கியது. அச்சின் மூச்சுத் துளைகளிலிருந்து காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அந்தச் சீறல் மேலே ஏறத் தொடங்கியது. உள்ளே வெண்கலம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பளவு, குமிழ்களின் வரிசை, தோள். வெள்ளியங்கிரி ஏதோ கத்தினார். அவர் வாய் அசைவது தெரிந்தது. வந்தது வெறும் ஊதல். அவர் மறுபடி கத்தினார். அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தண்டின் நுனியைத் தொட்ட சீறல் ஊசிபோல் கூர்ந்து நின்ற கணத்தில் அவளே சக்கரத்தைத் திருப்பினாள்.

அச்சு விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டு வழியவில்லை. மெய்லான் கை தட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள். வெள்ளியங்கிரி மட்டும் தங்கையிடம் வந்து, “நிறுத்துன்னு ரண்டு வாட்டி கத்தினேன்” என்றார். அவர் உதட்டைப் பார்த்து அவள் அதைப் புரிந்துகொண்டாள்.

அன்றிரவு வந்த சம்யுக்தாவின் போனை அவள் உடனே எடுத்தாள். ஒரு குரல் வந்தது. மெலிந்த, நுனியில் சற்றே உடைகிற, கேள்வி கேட்கும்போது மேலே தாவுகிற குரல். சந்தேகமே இல்லை, அவள்தான். சாரதாமணி அழுதாள். அந்தக் குரல் ஏதோ கேட்டது, மறுபடி கேட்டது, பயந்துபோய் மேலும் மேலும் தாவியது. என்ன கேட்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

மணி ஆறியதும் சுருதி சேர்க்கும் வேலை ஆரம்பமானது. நசீரின் திரையில் அந்தக் காது சொன்ன இடங்களில் வெள்ளியங்கிரி தேய்த்தார். ஒவ்வொரு முறையும் மெய்லான் மரச்சுத்தியலால் தட்டினாள், சாரதாமணி கண்ணை மூடிக் கேட்டாள். காதும் அவளும் ஒரே நேரத்தில் “போதும்” என்றார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. மெய்லான் அசல் மணிகளின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, புது மணியை அவற்றோடு சேர்த்துத் தட்டினாள். நடுச் சுரம் பொருந்தியது. ஓரச் சுரத்தைத் தட்டியதும் எல்லார் முகமும் மாறியது.

“என்ன?” என்றாள் சாரதாமணி.

நசீர் காகிதத்தில் எழுதிக் காட்டினான். சேரவில்லை. சத்தம் ஏறி இறங்கி அலை அடிக்கிறது.

“எனக்குச் சரியாத்தான் கேக்குது.”

அவன் அளவியைத் திருப்பிக் காட்டினான். சிறிய வித்தியாசம் இல்லை, எந்தக் குழந்தைக்கும் உறுத்தும். வெள்ளியங்கிரி, “காதே தப்புப் போல” என்று முணுமுணுத்ததை அவள் உதட்டிலிருந்து படித்தாள். நசீர் நாற்காலியில் சரிந்தான். “அவரு மணி அத்தனையும் அச்சரம் பிசகாம இருக்கு. அவரோட காதுன்னு நாம செஞ்சது பிசகுது. எப்படி?” என்று எல்லாரையும் மாறி மாறிக் கேட்டான்.

சாரதாமணி காதுக்குப் பின்னாலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். முழு நிசப்தம். எல்லாரும் அவளைக் கண்டு இரங்குகிற அந்த நிசப்தத்தில்தான் அவளால் யோசிக்க முடிந்தது. பிளாஸ்டிக் மணிகளைத் தரையில் வரிசையாக வைத்து, அவற்றின் நடுவே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கண்ணால் மட்டும் பார்த்தாள்.

முட்டுத் தடங்கள். தோளில் அரிசி அளவு குழிகள்.

முட்டு என்றால் உள் அச்சுக்கும் வெளி அச்சுக்கும் நடுவே நிற்க வேண்டும். அப்படியானால் உட்புறத்திலும் தடம் இருக்கும். அவள் உள்ளே கைவிட்டாள். வழுவழுவென்றிருந்தது. அடுத்த மணி, அதற்கடுத்தது. உட்புறத்தில் எதிலும் இல்லை. முட்டு எல்லாப் பக்கமும் இருக்கும்; இந்தக் குழிகள் ஒரு பக்கத்துத் தோளில் மட்டும்தான். அதைவிட ஒன்று. வரிசையின் முதல் மணிகளில் குழியே கிடையாது. நடுவில் வருபவற்றில் ஊசியால் தொட்ட மாதிரி இலேசாகத் தொடங்குகிறது. போகப் போக ஆழமாகிறது, பெருகுகிறது, ஓரிடத்தில் சேராமல் தேடி அலைகிறது. இருப்பவற்றில் கடைசி மணியின் தோள் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருந்தது.

கருவியை மாட்டிக்கொள்ளாமலே எழுந்து ஓடினாள். அளவெடுக்கும் இரும்புக் கம்பி ஒன்று சுவரில் தொங்கியது. அதன் ஒரு நுனியைப் புது மணியின் தோளில், குழி இருந்திருக்கும் இடத்தில் அழுத்தினாள். மறுநுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மெய்லானைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மெய்லான் நடுவில் தட்டினாள்.

தாடை வழியாக ஏறி மூக்கின் பின்னால் வந்து நின்றது ஒரு நேரான அதிர்வு. அவள் விரலால் ஓரத்தைக் காட்டினாள். மெய்லான் ஓரத்தில் தட்டினாள். இப்போது அது குறுக்கே ஓடியது. மேல்வரிசைப் பற்கள் கூசின. இரண்டும் வேறு வேறு. கருவி இல்லாமல், காதே இல்லாமல், வேறு வேறு. அசல் மணிகளின் ஒலிப்பதிவு ஓடும் ஒலிபெருக்கியை மணியோடு ஒட்டி வைத்துவிட்டு, ஓரத்தில் மறுபடி தட்டச் சொன்னாள். தாடைக்குள் ஒரு மெதுவான அலை புரண்டு புரண்டு வந்தது. இவர்கள் இத்தனை நேரம் சொன்ன தப்பு இதுதான்.

கம்பியை வாயிலிருந்து எடுத்தாள். “அவருக்குக் காது கேக்கல” என்றாள். தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவளுக்குத் தெரியாது. வெளியே லாரியில் சரக்கு ஏற்றியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். “ஆரம்பத்துல கேட்டிருக்குது. வேலை செஞ்சுக்கிட்டு இருக்கறப்பவே போயிருக்குது. போகப் போகப் பல்லாலதான் கேட்டிருக்கறாரு. இது முட்டு இல்லீங்ணா. நாம வார்க்கறவங்க, அதனால நமக்கு எல்லாமே வார்ப்புத் தடமாத் தெரிஞ்சுபோச்சு.”

நசீர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். “நானும் அந்தக் குழியெல்லாம் வேண்டாம்னு ஸ்கேன்லருந்து அழிச்சிட்டேன்” என்றான். “காத்துல வந்த சத்தத்தைக் கேட்டாருன்னு நெனச்சு மிசினுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அந்த மனுசன் வெண்கலத்தைத் தின்னுல்லா கேட்டிருக்காரு. பாதிக் காதும் பாதிப் பல்லுமா ஒரு கலப்படத்தைச் செஞ்சு வச்சிருக்கேன்.”

மெய்லான் மரச்சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சாரதாமணி உதட்டைப் படிக்கும்படி நேர் எதிரே வந்து நின்றாள். “அந்தக் கல்லறையில் ஒரு வெண்கலக் கம்பி கிடைத்தது. ஒரு நுனி மழுங்கியிருந்தது. கொண்டை ஊசி என்று எழுதி வைத்திருக்கிறோம்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெள்ளியங்கிரி கம்பியைப் பிடுங்கித் தானும் கடித்துப் பார்த்தார். “அட” என்றார். தட்டச் சொல்லி மறுபடியும் கடித்தார். நசீர் கடித்தான், மெய்லான் கடித்தாள். பல் செட் வைத்திருந்த பழைய கணக்கர்கூட வந்து முயற்சி செய்துவிட்டு, செட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

சாரதாமணியே அந்த மணியைச் சேர்த்தாள். திரையைப் பார்க்கவில்லை. கம்பியைக் கடிப்பாள், தட்டச் சொல்வாள், தேய்ப்பாள். கம்பியின் நுனி தோளில் சறுக்கிச் சறுக்கிக் குழி விழுந்தது. ஓரிடம் மழுங்கினால் அடுத்த இடம் தேடினாள். அவர் போட்ட அதே குழிகளைத்தான் தானும் போடுகிறாள் என்று தெரிந்தபோது அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது. அலை மெலிந்தது, இன்னும் மெலிந்தது, ஓரிடத்தில் இல்லாமல் போனது. மெய்லான் ஒலிப்பதிவை ஓடவிட்டாள். சுற்றி நின்றவர்களின் தோள்கள் ஒன்றாகத் தளர்ந்து இறங்கியதைப் பார்த்துத்தான் சரியாகிவிட்டது என்று சாரதாமணி தெரிந்துகொண்டாள்.

உதடும் காகிதமுமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று கேட்டாள்: “அந்தக் கடைசிக் கொக்கி தேஞ்சிருக்குதுங்களா?”

மெய்லான் உடனே ஊருக்குப் போன் செய்தாள். அங்கே யாரோ மணித் தாங்கிக்குப் போய்ப் பார்த்தார்கள். நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பதில் வந்ததும் மெய்லான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். “மற்றக் கொக்கிகளில் தண்டு உரசிய தேய்மானம் இருக்கிறது” என்று எழுதிக் காட்டினாள். “கடைசிக் கொக்கியில் ஒரு கீறலும் இல்லை. அதில் மணி தொங்கியதே இல்லை.”

திருடர்கள் எடுத்துப் போகவில்லை. அதை அவர் செய்யவே இல்லை. பல்லாலும் பிடிக்க முடியாத ஒரு நாள் வந்திருக்க வேண்டும். அல்லது, அவர் கம்பியைக் கடிப்பதை யாரோ பார்த்துவிட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு முடிவு செய்ய ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நசீர், குழி இல்லாத முதல் மணிகளை மட்டும் வைத்துக் காதைப் புதிதாகக் கட்டினான். இந்த முறை கலப்படம் இல்லை. இளமையில், நன்றாகக் கேட்ட காலத்து மனிதனின் காது. அதைக் கொண்டுவந்து சாரதாமணியிடம் உட்கார்ந்தான். தன் பேச்சை அப்படியே எழுத்தாக்கும் திரையை நடுவில் வைத்தான்.

“இது சுத்தமா இருக்குக்கா. பாட்டு, குரலு, மழை எல்லாம் முன்ன உங்களுக்கு எப்படிக் கேட்டுதோ அதுக்குக் கிட்டத்தட்ட வந்துரும். ஆனா பேச்சு திரும்பாது. இல்ல பழசையே வச்சுக்கிடலாம். அதுலயும் இத்தனை நாள்ல கொஞ்சம் அழிஞ்சிருக்கும். இந்த வாரத்துக்குள்ள ஒண்ணைச் சொல்லுங்க. பொறவு மூளை தானாவே முடிவு பண்ணிரும்.”

சாரதாமணி திரையைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, தனக்குக் கேக்கலைங்கறத அவரு யார்கிட்டயாச்சும் சொல்லியிருப்பாரா?”

“தெரியலக்கா. குழிய எல்லாம் பாக்குறவங்களுக்குத் தெரியாத பின்பக்கமாத்தான் வச்சிருக்காரு.”

“சொல்லல” என்றாள் அவள். “அத்தனை சனத்துக்கு நடுவுல, ஒரு கம்பியக் கடிச்சுக்கிட்டு, என்ன பேசறாங்கனே தெரியாம.” கருவியைக் காதிலிருந்து எடுத்து அவன் முன்னால் நகர்த்தினாள். “பழசையே போடு.”

கொடுத்துவிட்டு, போனை எடுத்து மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். உன் குரல் எனக்கு அடையாளம் தெரியாமல் போய் ரொம்ப நாளாகிறது, நடுவில் ஒரே ஒரு நாள் கேட்டேன், இனிக் கேட்காது, நேரில் வா என்று அதில் இருந்தது.

பிறகு நடந்தவை இவை. புது மணி ஹூபேயில் கடைசிக் கொக்கியில் தொங்குகிறது. மணிக்காரர் செவிடர் என்பதை அருங்காட்சியகம் இன்னும் ஏற்கவில்லை. கொண்டை ஊசி கொண்டை ஊசியாகவே இருக்கிறது. மெய்லான் அங்கிருந்து விலகி வூஹானில் பாடம் நடத்துகிறாள். வெள்ளியங்கிரி பம்பு உறை வார்ப்பதை மகனிடம் விட்டுவிட்டு, விற்காத மணிகளாக வார்த்துத் தள்ளுகிறார். நசீரின் நிறுவனம் அந்த இளமைக் காதைப் பேச்சோடு சேர்ந்து ஓடும்படி பிற்பாடு திருத்திவிட்டது. உலகமெங்கும் பல ஆயிரம் பேர் இன்று அதன் வழியாகத்தான் பாட்டுக் கேட்கிறார்கள். அது யாருடைய காது என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. சாரதாமணியின் மூளை அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்து பேசினால் அவளுக்குப் பாதிக்கு மேல் புரிகிறது, மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். சம்யுக்தா வேலையை மாற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வந்துவிட்டாள். தாயும் மகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சில சாயங்காலங்களில் மகள் பாடுவாள்; தாய் தன் நெற்றியை அவள் நெற்றியோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.